தைமஸுக்கு இன்னும் ஒரு வகுப்பு
மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அனுப்பும் பிள்ளைகளில் சிலர், சில மாதங்களில் எங்கள் மருத்துவக் கல்லூரி வகுப்பறைக்கு வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறவள் நான். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தைமஸ் சுரப்பிக்கு இன்னும் ஒரே ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். அந்த வகுப்பில் பாதி நேரத்தை நைட்ரிக் ஆக்சைடு என்ற சின்னஞ்சிறு மூலக்கூறுக்குக் கொடுங்கள்.

தைமஸைப் பற்றிக் கேட்டால் வரும் பிள்ளைகள் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும். குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். டி செல்கள் அங்கே முதிர்ச்சி அடையும். எல்லாமே சரி. மதிப்பெண் முழுதாகப் போடலாம். ஆனால் 'முதிர்ச்சி அடையும்' என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அங்கே பெரும்பாலும் நடப்பது சாவு என்று நான் சொல்லும்போது, பிள்ளைகள் நம்ப முடியாமல் பார்க்கிறார்கள்.

ஒரு இளம் சுண்டெலியின் தைமஸில் நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி புதிய செல்கள் உருவாகின்றன. அதே நாளில் அங்கிருந்து ரத்தத்துக்குப் போவது 10 முதல் 20 லட்சம் மட்டுமே. மிச்சம் எங்கே? உள்ளேயே செத்து, உள்ளேயே செரிக்கப்பட்டு விடுகின்றன. நம் உடலிலும் இதே கதைதான். தைமஸில் வளரும் டி செல்களான தைமோசைட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை அந்த உறுப்பை விட்டு வெளியேறுவதே இல்லை.

இதற்குக் காரணம் டி செல்கள் உருவாகும் விதம். ஒவ்வொரு டி செல்லும் தன் ஏற்பியை மரபணுத் துண்டுகளைக் கண்டபடி வெட்டி ஒட்டித் தயாரிக்கிறது. எந்தக் கிருமி நாளை வரும் என்று உடலுக்குத் தெரியாது. ஆகவே எல்லா வகையான ஏற்பிகளையும் முன்கூட்டியே செய்து வைக்கப் பார்க்கிறது. அப்படிச் செய்யும்போது எதையும் அடையாளம் காணத் தெரியாத ஏற்பிகளும் வரும், சொந்த உடலையே தாக்கக்கூடிய ஏற்பிகளும் வரும். வீட்டில் முறத்தில் அரிசியைப் புடைத்தால் உமியும் தூசியும் பறந்துபோகும். கொழித்தால் கல் தனியே ஒதுங்கும். தைமஸ் இரண்டையும் செய்கிறது. புறணியில், உடலின் எம்.எச்.சி. மூலக்கூறுகளோடு ஒட்டவே தெரியாத செல்கள் ஆதரவில்லாமல் சாகின்றன. சொந்தப் புரதங்களோடு மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் செல்கள் புறணியிலும், பெரும்பாலும் அகணியிலும் அழிக்கப்படுகின்றன. அகணியின் எபிதீலியச் செல்களில் எய்ர் என்றொரு மரபணு, கணையத்தின் இன்சுலின் உட்பட உடலின் பல மூலைகளிலுள்ள புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே தயாரித்துக் காட்டுகிறது. அந்த மரபணு பழுதான குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் பல நாளமில்லாச் சுரப்பிகளைச் சொந்த டி செல்களே தாக்கும் நோய் வருகிறது.

இந்தச் சாவைச் சொல்லிக்கொடுக்காமல் 'எதிர்ப்பு சக்தி' என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். தைமஸைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு மருத்துவ உலகம் கொடுத்த விலையைப் பார்த்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில், தொட்டிலில் திடீரென இறந்துபோன குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்தவர்கள், தைமஸ் 'வீங்கி' இருப்பதாகக் கண்டார்கள். அதுவே மூச்சுக்குழாயை அழுத்திக் கொன்றது என்று முடிவு கட்டினார்கள். 1889இல் அதற்கு ஒரு நோய்ப்பெயரும் வைத்தாகிவிட்டது. உண்மையில் அந்தத் தைமஸ்கள் வீங்கியிருக்கவில்லை. ஆரோக்கியமான குழந்தைக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவே இருந்தன. உடற்கூறியல் மேசைக்கு அதுவரை வந்தவை பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். நீண்ட நாள் நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்களின் தைமஸ் சுருங்கிப் போயிருந்தது. அந்தச் சுருங்கிய அளவையே இயல்பானது என்று எடுத்துக்கொண்டார்கள். விளைவு, 1907 முதல் குழந்தைகளின் மார்பில் எக்ஸ் கதிர் பாய்ச்சித் தைமஸைச் 'சுருக்கும்' சிகிச்சை பரவியது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு, நோயே இல்லாதவர்களுக்கு, இது செய்யப்பட்டது. 1950இல் நியூயார்க் மருத்துவர்கள் இருவர், தைராய்டு புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோது தைமஸுக்குக் கதிர் வாங்கியவர்கள் என்பதைக் கவனித்து எழுதினார்கள். ஏழைகளின் உடலை இயல்பான உடல் என்று எண்ணியதால் வந்த வினை இது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனம் பதைக்கிறது.

அந்தச் சமயம் வரையில் தைமஸ் எதற்காக இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. 1961இல், லண்டனில் ரத்தப் புற்றுநோய் வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்த ழாக் மில்லர் என்ற இளம் ஆய்வாளர், பிறந்த ஓரிரு நாளில் சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். பால் குடிக்கும் பருவம் வரை குட்டிகள் நன்றாகவே வளர்ந்தன. பிறகு இளைத்து, தொற்று தாக்கி இறந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினால் அதையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டன. வளர்ந்த எலியில் அதே அறுவையைச் செய்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால்தான் அதற்கு முன் பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை. மில்லரின் கட்டுரை வந்த பிறகும், தைமஸில் லிம்ஃபோசைட்டுகள் இருப்பது பரிணாமத்தில் நேர்ந்த ஒரு தற்செயல் என்று நோபல் பெற்ற பீட்டர் மெடாவரே கருத்துச் சொன்னார்.

'பெரியவர்களுக்குத் தைமஸ் தேவையில்லை' என்று பிள்ளைகள் எழுதினால் அதையும் திருத்துங்கள். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளை வைத்து 2023இல் வந்த ஆய்வில், தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களில் ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 விழுக்காடு, அதே போன்ற மார்பு அறுவை செய்து தைமஸ் எடுக்கப்படாதவர்களில் 2.8 விழுக்காடு.

இனி நைட்ரிக் ஆக்சைடுக்கு வருகிறேன். ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஜோடி சேராத ஒரு எலெக்ட்ரான். வாயு. திசுவுக்குள் சில நொடிகளே வாழும். எந்தக் கதவும் தேவையில்லாமல் செல் சவ்வை ஊடுருவிப் போகும். இப்படி ஒரு பொருளை உடல் வேண்டுமென்றே தயாரிக்கிறது என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் உயிர்வேதியியல் ஆசிரியர்கள் சிரித்திருப்பார்கள். வண்டிப் புகையிலும் தொழிற்சாலைப் புகையிலும் வரும் மாசு என்றுதான் அதற்குப் பெயர்.

உங்கள் பள்ளியிலேயே இதை அறிமுகப்படுத்த வழி இருக்கிறது. வேதியியல் செய்முறையில் நைட்ரேட்டைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் பழுப்பு வளையச் சோதனை செய்கிறார்களே, அதே வளையம்தான். உப்புக் கரைசலில் புதிதாகத் தயாரித்த ஃபெரஸ் சல்பேட்டை ஊற்றி, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக அடர் கந்தக அமிலத்தை விடுகிறார்கள். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிறம் கட்டுகிறது. அங்கே இரும்பு, நைட்ரேட்டை நைட்ரிக் ஆக்சைடாக ஒடுக்குகிறது. உருவான நைட்ரிக் ஆக்சைடு மிச்சமுள்ள இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதல்தான் நிறம். நைட்ரிக் ஆக்சைடுக்கு இரும்பின் மேல் உள்ள இந்தப் பிடிப்பு உடலிலும் அப்படியே வேலை செய்கிறது. ரத்தக்குழாய்த் தசையில் குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியின் நடுவிலுள்ள ஹீம் இரும்பில் ஒட்டினால் தசை தளர்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இப்படித்தான் வேலை செய்கிறது. புற்றுச் செல்லுக்குள் நுழைந்து, இரும்பும் கந்தகமும் கொண்ட நொதிகளைப் பிடித்துக்கொண்டால், அந்தச் செல்லின் மூச்சு நிற்கிறது. வேதியியல் ஆசிரியரையும் ஒரு நாள் உங்கள் வகுப்புக்கு அழைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாடமும் ஒரே குழாயில் சந்திப்பதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ரத்தக்குழாய்ப் பக்கத்துக் கதை பலருக்கும் தெரியும். ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. எதிர்ப்பாற்றல் பக்கத்துக் கதை அவ்வளவாகச் சொல்லப்படவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது. மனிதர் சாப்பாட்டில் உள்ளே போகும் நைட்ரேட்டைவிடச் சிறுநீரில் வெளியே வருவது அதிகம் என்பது 1916லேயே அமெரிக்காவில் கவனிக்கப்பட்டது. அதிகப்படி எங்கிருந்து வருகிறது என்பதை அறுபத்தைந்து ஆண்டுகள் யாரும் துருவிப் பார்க்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் டானன்பாமின் குழு, அளந்த உணவு கொடுத்துத் தன்னார்வலர்களின் சிறுநீரில் நைட்ரேட்டை அளந்துகொண்டிருந்தது. இடையில் ஒருவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. அவருடைய நைட்ரேட் மட்டும் ஒரேயடியாக ஏறியது. வேறொருவராக இருந்தால் 'நோயாளி, கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று அந்த எண்ணை ஒதுக்கிவிட்டிருப்பார். அவர்கள் ஒதுக்கவில்லை. பாக்டீரியாவின் நச்சை எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள், அவற்றிலும் ஏறியது. 1985இல் ஸ்டூயர், மார்லெட்டா என்ற இருவர், அந்த நைட்ரேட்டைத் தயாரிப்பவை மேக்ரோஃபேஜ் செல்கள் என்று காட்டினார்கள். 1987இல் யூட்டாவில் ஜான் ஹிப்ஸ், மேக்ரோஃபேஜ்கள் புற்றுச் செல்லைக் கொல்ல ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் கட்டாயம் வேண்டும் என்று நிறுவினார். ஆர்ஜினைனிலிருந்து பிறப்பது நைட்ரிக் ஆக்சைடு என்பது அடுத்த ஆண்டிலேயே தெளிவாகிவிட்டது.

இதைத் தயாரிக்கும் நொதி மூன்று வகை. நரம்பில் ஒன்று, ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒன்று. இவை கால்சியம் ஏறி இறங்குவதற்கு ஏற்பச் சிறுகச் சிறுக விட்டு நிறுத்துகின்றன. மூன்றாவது, தூண்டப்படும் வகை. கிருமியோ அழற்சிச் செய்தியோ வந்த பிறகே செல் இதைத் தயாரிக்கும். தயாரித்துவிட்டால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நைட்ரிக் ஆக்சைடு பெருகிக்கொண்டே இருக்கும். பாடத்தில் இந்த வேறுபாட்டை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். மற்றவை தன்னால் விளங்கும்.

கிருமி வந்தால்தான் தயாராகும் என்று சொல்லப்பட்ட அந்த மூன்றாவது நொதி, கிருமியே இல்லாத தைமஸிலும் காணப்பட்டது. அங்கே அதற்கு என்ன வேலை?

1995இல் ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃபில் ஃபேசல், கோல்ப்-பாக்கோஃபென் முதலியோர் சுண்டெலியின் தைமோசைட்டுகளை நைட்ரிக் ஆக்சைடுக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். செல்கள் திட்டமிட்ட இறப்பான அப்போப்டோசிஸ் வழியே இறந்தன. ஆனால் எல்லாச் செல்களும் ஒன்றுபோல இறக்கவில்லை. சிடி4, சிடி8 என்ற இரண்டு குறிகளையும் ஒருசேரத் தாங்கி நிற்கும் நடுப்பருவச் செல்களே பெருமளவில் விழுந்தன. ஒரு குறியை விட்டுவிட்டு முதிர்ந்த செல்கள் தாக்குப்பிடித்தன. தைமஸில் ஐந்தில் நான்கு பங்கு இந்த இரட்டைக் குறிச் செல்கள்தான். சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் இவற்றிடம் குறைவு. தேர்வு நடக்கும் பருவமும் இதுவே. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஏற்பி தூண்டப்பட்ட இரட்டைக் குறிச் செல்கள் நீக்கப்படுவதில் தைமஸ் தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள். 2000இல் இத்தாலியக் குழு ஒன்று, தைமஸின் டென்ட்ரிட்டிக் செல்கள் சொந்த ஆன்டிஜென்னையும் அயல் ஆன்டிஜென்னையும் சந்திக்கும்போது நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுவதைக் கண்டது.

மனிதத் தைமஸ் ஆய்வுக்குக் கிடைப்பது அரிது. பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை செய்யும்போது, இதயத்தை எட்ட வேண்டித் தைமஸின் ஒரு பகுதியை அறுவை மருத்துவர்கள் எடுத்துவிடுவார்கள். அப்படிக் கிடைத்த துண்டுகளில், இறந்துகொண்டிருந்த தைமோசைட்டுகளிடம் நைட்ரோடைரோசின் என்ற தடயம் இருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001இல் பதிவுசெய்தார்கள். நைட்ரிக் ஆக்சைடு, தன்னைப் போலவே ஜோடி சேராத எலெக்ட்ரான் கொண்ட சூப்பர் ஆக்சைடைச் சந்தித்தால் இரண்டும் கணத்தில் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகும். அது புரதங்களில் விட்டுச்செல்லும் சுவடுதான் நைட்ரோடைரோசின். வாயு சில நொடிகளில் மறைந்துவிடும், சுவடு நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் பிள்ளைகளுக்குப் போய்ச்சேர வேண்டும். தூண்டப்படும் நொதியின் மரபணுவை நீக்கிய எலிகளும் டி செல்களோடுதான் வளர்கின்றன. ஆகவே தைமஸின் களையெடுப்பு முழுவதையும் நைட்ரிக் ஆக்சைடின் தலையில் கட்டிவிடக் கூடாது. அந்த வேலையில் பிம் என்ற புரதத்துக்கு இன்னும் பெரிய பங்கு. ஆய்வுத் தட்டில் வாயுவைக் கூட்டிக் கொடுத்தால் செல் சாகிறது என்பது ஒரு செய்தி. உயிருள்ள உறுப்பில் அந்த அளவு வாயு அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கிறது என்பது இன்னொரு செய்தி. முதலாவதைக் கேட்டதும் இரண்டாவதை நம்பிவிடும் பழக்கத்தைப் பதினேழு வயதிலேயே விடவைத்தால், மருத்துவக் கல்லூரியில் எங்கள் வேலை பாதி குறையும்.

இன்னொரு பக்கமும் உண்டு. குறைந்த அளவு நைட்ரிக் ஆக்சைடு செல்லைக் காப்பாற்றவும் செய்யும். திட்டமிட்ட இறப்பை நடத்தும் காஸ்பேஸ் நொதிகளின் மையத்தில் ஒரு சிஸ்டைன் இருக்கிறது. அதன் கந்தகத்தில் நைட்ரிக் ஆக்சைடு ஒட்டிக்கொண்டால் நொதி அடங்கிவிடும், செல் பிழைக்கும். நிணநீர் முடிச்சுகளில் அதற்கு வேறொரு வேலை. அங்கே டி செல்கள் தூண்டப்பட்டுப் பெருகும்போது அவை விடும் இன்டர்ஃபெரான்-காமாவை, முடிச்சின் சட்டகமாக நிற்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் வகைச் செல்கள் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன, பெருக்கம் மட்டுப்படுகிறது. எலிகளில் இதைக் காட்டிய ஆய்வுகள் 2011இல் வந்தன. மண்ணீரலின் மேக்ரோஃபேஜ்களும் இதே முறையில் டி செல் பெருக்கத்தை அடக்குகின்றன. காசநோய்க் கிருமி உள்ளே வந்துவிட்ட எலிக்கோ இந்த மூலக்கூறே உயிர். தூண்டப்படும் நொதி இல்லாத எலிகள் காசநோய் தாக்கினால் வெகு விரைவில் சாகின்றன.

ஒரே மூலக்கூறு தைமஸில் கொல்கிறது, காக்கிறது. நிணநீர் முடிச்சில் அடக்குகிறது. நுரையீரலில் கிருமியோடு மோதுகிறது. 'நல்லதா, கெட்டதா?' என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். எவ்வளவு, எங்கே, எந்தச் செல்லுக்கு, எந்தப் பருவத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இதை நான் பாட நேர்த்திக்காகச் சொல்லவில்லை. மனித உயிர்கள் சம்பந்தப்பட்டது. கிருமி நச்சு ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் அதிர்ச்சியில் நைட்ரிக் ஆக்சைடு பெருகுகிறது. ஆகவே அதன் உற்பத்தியை முழுதாகத் தடுத்தால் பிழைப்பார்கள் என்று எண்ணி ஒரு மருந்தைச் சோதித்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. 797 நோயாளிகள். மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 59 விழுக்காடு, கொடுக்கப்படாதவர்களில் 49. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். சரி, தடுப்பது தவறு என்றால் கூட்டுவது நல்லதா? மாரடைப்பிலிருந்து மீண்ட 153 பேரை வைத்து, ஒரு பாதிக்கு ஆர்ஜினைன் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை 2006இல் வெளியானது. ஆர்ஜினைன் சாப்பிட்டவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அதுவும் நிறுத்தப்பட்டது. அதே நைட்ரிக் ஆக்சைடை, நுரையீரல் ரத்தக்குழாய் திறக்காமல் நீலம் பாரித்துத் தவிக்கும் பச்சிளம் குழந்தைக்கு, பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் மூச்சோடு கொடுக்கிறோம். நேராக நுரையீரலுக்குப் போகிறது, குழந்தை சிவக்கிறது. 1999 முதல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அது. உடல் முழுக்கத் தடுத்தபோதும் நேர்ந்தது சாவு, உடல் முழுக்கக் கூட்டப் பார்த்தபோதும் சாவு. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கொடுத்தபோது உயிர்.

உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் மாலையில் ஜிம்முக்குப் போகிறவனாக இருக்கலாம். அங்கே விற்கும் பொடி டப்பாக்களில் 'நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும்' என்று போட்டு ஆர்ஜினைனையும் சிட்ருலினையும் அடைத்திருக்கிறார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு, 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்ற வாசகம் ஒட்டாத பானமோ மாத்திரையோ கடையில் அரிதாகிவிட்டது. அப்பா அம்மா காசு கொடுத்து வாங்குகிறார்கள். எதிர்ப்பாற்றல் என்பது கூட்டக் கூட்ட நல்லது என்ற எண்ணம் மனதில் ஊறியிருப்பதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. கணையத்தைத் தாக்கி முதல் வகை நீரிழிவைக் கொண்டுவருவதும் எதிர்ப்பாற்றல்தான். நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கிக் கண்ணிமையைத் தொங்கவிடும் மயஸ்தீனியா நோயும் அதன் வேலைதான், அந்த நோய்க்குத் தைமஸை அறுத்து எடுப்பதே ஒரு சிகிச்சை. உருவாக்கிய செல்களில் பெரும்பங்கை உடலே களைந்துவிடுகிறது என்பதைத் தைமஸில் பார்த்த பிள்ளை, அந்த டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிக்கும்.

பாடப்புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் வெள்ளை அணுக்களுக்கு வாளும் கேடயமும் வரைகிறோம். குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பது தெரியும். பன்னிரண்டாம் வகுப்பிலாவது அந்தப் படத்தை ஓரம் வையுங்கள்.

அதற்குப் பதிலாகத் தைமஸ் ஸ்லைடு ஒன்றைக் காட்டுங்கள். சாதாரண ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயம் போட்டதே போதும். குறைந்த உருப்பெருக்கத்தில் மடல்கள் தெரியும். ஒவ்வொரு மடலிலும் வெளிப்புறம் கருநீலமாக அடர்ந்திருப்பது புறணி, உள்ளே வெளிறியிருப்பது அகணி. அகணியில் இளஞ்சிவப்பாக, வெங்காயத்தை அறுத்தாற்போல வளையம் வளையமாகத் தெரிவது ஹாசல் துகள். இப்போது அதிக உருப்பெருக்கத்துக்கு மாற்றி, புறணியில் செத்த செல்லைத் தேடச் சொல்லுங்கள். தேடிக்கொண்டே இருப்பார்கள். கோடிக்கணக்கில் சாகும் இடத்தில் ஒரு பிணம்கூட எளிதில் அகப்படாது. பொறுமையாகப் பார்த்தால், அடர்ந்த நீலத்துக்கு நடுவே வெளிறிய ஒரு பெரிய செல் கண்ணில் படும். அதன் வயிற்றுக்குள் கருத்த சிறு துணுக்குகள் கிடக்கும். அது மேக்ரோஃபேஜ். துணுக்குகள்தான் செத்த தைமோசைட்டுகள். சாகத் தொடங்கிய செல்லை, அது வெடித்துச் சுற்றிலும் அழற்சியைக் கிளப்புவதற்கு முன்பே விழுங்கிவிடுகிறது. சாவின் அளவுக்கும் கண்ணுக்குத் தெரியும் பிணங்களுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அப்படியானால் தைமஸுக்கு நல்லது எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லக்கூடிய பதில் இருக்கிறது. சாப்பாடு. ஊட்டம் குறைந்த குழந்தையின் தைமஸ் மற்ற உறுப்புகளைவிட வேகமாகச் சுருங்குகிறது. முதலில் போவது அந்த இரட்டைக் குறிச் செல்கள் நிறைந்த புறணி. நல்ல உணவு கொடுத்தால் திரும்ப வளர்கிறது. பொலிவியாவில் கடும் ஊட்டக்குறைவுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் தைமஸை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்தார்கள்: உடல் எடை தேறிய பிறகும் தைமஸ் தேற இன்னும் சில வாரம் பிடித்தது, துத்தநாகம் சேர்த்துக் கொடுத்தபோது அது விரைவுபட்டது. டென்மார்க்கில் நான்கு மாதக் குழந்தைகளை அளந்தபோது, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களின் தைமஸ் புட்டிப்பால் குடித்தவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. பள்ளியில் தினமும் மதியச் சாப்பாட்டு வரிசையைப் பார்க்கிறவர்கள் நீங்கள். அந்தத் தட்டில் விழும் முட்டைக்கும் பருப்புக்கும் மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள உறுப்புக்கும் உள்ள தொடர்பை உங்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. பொதுத்தேர்வு, நீட், பயிற்சி வினாத்தாள், மாதாந்திர அறிக்கை. இதெல்லாம் தேர்வில் வராது என்று தலைமையாசிரியர் சொல்லலாம். நியாயமான பேச்சுதான். ஆனால் டி செல் தேர்வைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குத் தன்தடைகாப்பு நோய்கள், உறுப்பு மாற்றம், எய்ட்ஸ் என்று மூன்று பகுதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலை குறைகிறது. அந்த ஒரு வகுப்பை அங்கே திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள்.

ஸ்லைடு இல்லையென்றால் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை காலை அங்கேயே அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. நுண்ணோக்கிகள் அன்றைக்குச் சும்மாதான் இருக்கும். சொல்லிக்கொடுக்க எங்களில் யாராவது கட்டாயம் வருவோம்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு ஆசிரியையிடம் உயிரியல் படித்து, இன்று மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிக்கும் ஒருத்தி